மண் டெப்போ வேம்பு

விருத்தாசலத்தில் ஜங்ஷனுக்குப் போகிற சாலையிலிருந்து தண்டவாளத்தை ஒட்டி ஒரு பாதை பிரியும். அதில் கொஞ்ச தூரம் போனால் அரசாங்கத்தின் களிமண் கிடங்கு இருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது மண்ணு டெப்போ. ஒரு ஏக்கர் எண்பத்து நான்கு சென்ட். வெளியூர்களிலிருந்து வெள்ளைக் களிமண் வந்து இறங்கும். தொழிற்பேட்டையில் இருக்கிற சின்னச் சின்ன செராமிக் கம்பெனிகள் தங்களுக்கு ஒதுக்கியதை எடை போட்டு எடுத்துக்கொண்டு போகும். பிறகு அரைத்த மண்ணை மூட்டை கட்டித் தனியார் லாரிகளே கம்பெனி வாசலில் இறக்க ஆரம்பித்ததும் டெப்போவுக்கு வேலை இல்லாமல் போனது. 1993-இல் மூடினார்கள். மேனேஜரும் கிளார்க்கும் கடலூருக்கு மாற்றலாகிப் போனார்கள். வாட்ச்மேன் ராஜாங்கம் மட்டும் இருந்தார். அவருடைய மனைவிதான் வேம்பு.

நான் வேம்புவை முதலில் பார்த்தது 2006-ஆம் வருஷம். அப்போது நகராட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். அந்த டெப்போ இடத்தை நகராட்சிக்கு மாற்றுகிற கோப்பு என் மேசையில் இருந்தது. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் அவர் சொல்லியும், அவரோடு வேலை பார்த்த நீலாவதி சொல்லியும் எனக்குத் தெரிந்தவை.

வேம்பு மண்பாண்டம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவர். அவர் அப்பா காலத்திலேயே வீட்டில் எல்லாரும் செராமிக் கம்பெனிகளுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினாறு வயதில் டீ கப் செய்கிற கம்பெனி ஒன்றில் வேம்புவும் சேர்ந்தார். அச்சிலிருந்து எடுத்த கப்பின் விளிம்பில் பிசிறு இருக்கும். அதை ஈர ஸ்பாஞ்சால் வழித்து வழவழப்பாக்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு கப், சில நாள் ஆயிரம். கல்யாணத்துக்குப் பிறகும் அதே கம்பெனி, அதே பலகை. பக்கத்தில் நீலாவதி.

ராஜாங்கம் அதிகம் பேசாதவர். குடி கிடையாது. கை ஓங்கியது கிடையாது. டெப்போவுக்குள் இருந்த ஒற்றை அறை குவார்ட்டர்ஸில் அவரும் வேம்புவும் மகள் துர்காவும் இருந்தார்கள். டெப்போ மூடிய பிறகும் காலை ஆறு மணிக்கு கேட்டைத் திறப்பார். மாலை ஆறு மணிக்குப் பூட்டுவார். நடுவில் யாரும் வரமாட்டார்கள். எடை மேடைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். நான்கு வருஷம் அப்படிப் போனது.

1997 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, கடலூர் ஆபீஸில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார். பழைய சோறு சாப்பிட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். பதினொரு வயது துர்கா ஸ்கூலுக்குப் போய்விட்டிருந்தாள். "போயிட்டு வரேன்" என்றார். "சாவிய ஆணில மாட்டிட்டுப் போங்க" என்றார் வேம்பு. அவர் மாட்டிவிட்டுப் போனார்.

அன்று அவர் திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வேம்பு கடலூருக்கு பஸ் ஏறினார். நாங்கள் கூப்பிடவே இல்லை, ராஜாங்கம் இங்கே வரவும் இல்லை என்றார்கள் ஆபீஸில். ஜங்ஷனில் டீ விற்கிற ஒருவர் மட்டும், சேலம் வண்டி நிற்கிற பிளாட்பாரத்தில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார். போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். கிணறுகளில் பார்த்தார்கள், ஆஸ்பத்திரிகளில் கேட்டார்கள். தண்டவாளத்தில் ஒரு உடல் கிடப்பதாகச் சொன்னார்கள் என்று பெண்ணாடம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார் வேம்பு. அது வேறு யாரோ.

இரண்டாவது முறை கடலூர் போனபோது மேனேஜர் சொன்னார்: "ஆளு வரட்டும்மா. அது வரைக்கும் சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும். நாங்க மேல எழுதி ஒரு முடிவு சொல்றோம்."

அந்த மேனேஜர் அடுத்த மாதமே மாற்றலாகிப் போய்விட்டார். முடிவு என்று எதுவும் வரவில்லை. வேம்பு காலை ஆறு மணிக்கு கேட்டைத் திறந்தார். கம்பெனியில் ஐந்தரைக்கு வேலை முடிந்ததும் நேராக வந்து ஆறு மணிக்குப் பூட்டினார். அரசாங்கம் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் தெருப் பெண்கள் சுவருக்குப் பூசக் களிமண் கேட்டு வருவார்கள். மீதிக் கிடந்த குவியலிலிருந்து ஆளுக்கு ஒரு கூடை எடுக்க விடுவார். இரண்டாவது கூடைக்கு விடமாட்டார்.

வெளியூர்க் கல்யாணம், சாவு என்று எங்கேயும் அவர் தங்கியது இல்லை. 2005-இல் துர்காவின் கல்யாணம் திட்டக்குடியில் நடந்தது. பத்திரிகையில் 'ராஜாங்கம் – வேம்பு தம்பதியரின் மகள்' என்றே அடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் வேம்பு பெண்ணிடம் சொல்லிக்கொண்டு, கேட்டைப் பூட்ட நாலு மணி பஸ்ஸைப் பிடித்தார்.

"எதுக்கு அப்பிடிப் பூட்டுனீங்க? உள்ள ஒண்ணுமே இல்லியே" என்று பின்னால் ஒருநாள் கேட்டேன்.

"அவுரு வந்து கேட்டா சொல்லணும்ல சார், ஒழுங்கா பாத்துக்கிட்டேன்னு. மொத ரெண்டு வருஷம் அப்பிடி நெனச்சேன். அப்பறம் ஒண்ணும் நெனக்கல. மணியானா கை போயி பூட்டிடும்."

அழுகை பற்றியும் அதே குரலில்தான் சொன்னார். "ஆரம்பத்துல அழுதுகிட்டே இருந்தேன். அப்பறம் ஒருநாளு அழலாம்னு ஒக்காந்தேன், வரல. சரின்னு எந்திரிச்சி பாத்திரம் வெளக்கப் போயிட்டேன். அதோட அது நின்னுபோச்சி."

டெப்போவுக்கு எதிர்ப்பக்கம் நான்கு தெருக்கள். அங்கே தண்ணீர் பெரிய தொல்லை. அடிபம்பில் துரு நிறத்தில் வரும், அதுவும் வெயில் காலத்தில் வராது. நீலாவதி உட்பட எல்லாப் பெண்களும் குடத்தோடு ஜங்ஷன் பக்கம் நடந்தார்கள். வேம்புவும் நடந்தார். மேல்நிலைத் தொட்டி ஒன்று கட்டித் தர வேண்டும் என்று பல வருஷமாக மனுக்கள் வந்துகொண்டிருந்தன. ஒருவழியாகத் திட்டம் வந்தபோது இடம் இல்லை. அந்த வட்டாரத்தில் மேடான அரசாங்க இடம் மண்ணு டெப்போ ஒன்றுதான்.

நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டோம். கலெக்டருக்கு எழுதினோம். டெப்போ எந்தத் துறையின் கையில் இருந்ததோ அந்தத் துறை, தங்களுக்கு அந்த இடம் தேவைப்படவில்லை என்று பதில் எழுதியது. அடுத்து, ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று இடத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அதை ஒட்டுவதற்குக் கிராம நிர்வாக அலுவலர் செல்வநாயகி வந்தார். நகராட்சி சார்பில் நானும் கூடப் போனேன்.

கேட் திறந்திருந்தது. உள்ளே கம்பியில் ஒரு புடவை காய்ந்துகொண்டிருந்தது. செல்வநாயகி கையில் பசை டப்பாவோடு நின்றுவிட்டார். அன்று கம்பெனியில் கரண்ட் இல்லை, வேம்பு வீட்டில் இருந்தார். சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"இங்க யாரும்மா குடியிருக்கீங்க?"

"நான்தாங்க."

"எத்தினி வருஷமா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து. எண்பத்தி நாலுல ஆச்சு."

செல்வநாயகி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த அறிவிப்பைப் பார்த்தேன். 'நீண்ட காலமாகப் பயன்பாடின்றியும் எவருடைய அனுபோகத்திலும் இல்லாமலும் காலியாக உள்ள அரசு நிலம்' என்று அதில் இருந்தது. துறை எழுதியதை வைத்து நான்தான் அதைத் தயாரித்திருந்தேன்.

வேம்பு அதை வாங்கி மெதுவாக, கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"ஒட்டிக்குங்க. இது எங்க எடம் இல்லைங்க. கவருமெண்டு எடம்."

"இல்லம்மா, நீங்க இருக்கீங்கன்னு நான் ரிப்போர்ட்டுல சேத்து எழுதணும். தாசில்தார் விசாரணைக்குக் கூப்புடுவாங்க. வந்து சொல்லுங்க" என்றார் செல்வநாயகி.

"எத்தினி மணிக்கு?"

"அது லெட்டர்ல வரும்."

"சாயங்காலம் வேணாங்க. ஆறு மணிக்கு இங்க இருக்கணும்."

விசாரணை ஜூன் மாதம், தாலுகா அலுவலகத்தில். காலை பதினோரு மணி. வேம்பு கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். புடவையின் கொசுவத்தில் வெள்ளை மண் ஒட்டியிருந்தது. தாசில்தார் மேசைக்கு ஒரு பக்கம் நானும் செல்வநாயகியும் உட்கார்ந்திருந்தோம். இன்னொரு பக்கம் கடலூரிலிருந்து அந்தத் துறையின் உதவியாளர் ஒருவர், நாடா கட்டிய பழைய கோப்பு ஒன்றோடு. அவருக்கு முப்பது வயது இருக்கும்.

தாசில்தார் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். வேம்புவை உட்காரச் சொன்னார். செல்வநாயகி வாக்குமூலத்தை எழுத ஆரம்பித்தார். பெயர், வயது, முகவரி எழுதிவிட்டு, 'க/பெ ராஜாங்கம்' என்று எழுதியவர் பேனாவை நிறுத்தினார்.

"லேட்டுன்னு போட்டுரட்டுமாக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

தாசில்தார் நிமிர்ந்தார். "கணவர் எறந்துட்டாரா?"

"தெரியலைங்க. போனாரு. ஒம்பது வருஷம் ஆவுது."

"சார்," என்றார் கடலூர் உதவியாளர். கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தவர் ஒரு தாளில் விரலை வைத்திருந்தார். "இதுல அவரு லெட்டர் ஒண்ணு இருக்குது சார்."

தாசில்தார் வாங்கிப் படித்தார். படித்துவிட்டுத் தாளைத் திருப்பி வேம்புவின் பக்கம் நீட்டினார். பிறகு வேம்புவிடம் கேட்டார், "படிப்பீங்களாம்மா?"

"படிப்பேங்க."

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். தேதி 3-10-1997. அதாவது, ராஜாங்கம் போய் இரண்டு மாதம் கழித்து. மேலே திருப்பூரில் ஒரு தெருவின் விலாசம். பிறகு நான் அந்தக் கோப்பிலிருந்து அதை நகல் எடுத்தேன், அதனால் எனக்கு வார்த்தைகள் நினைவிருக்கின்றன.

'ஐயா, நான் விருத்தாசலம் களிமண் கிடங்கில் காவலராக இருந்து வருகிறேன். சொந்தக் காரணங்களால் என்னால் வேலையைத் தொடர முடியவில்லை. ஆகவே வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். கிடங்கின் சாவி என் மனைவியிடம் உள்ளது. பெற்றுக்கொள்ளவும்.'

கீழே கையெழுத்து. இடது ஓரத்தில் வேறு மையில் யாரோ 'பார்த்தேன். கோப்பில் வைக்கவும்' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டிருந்தார்கள்.

வேம்பு தாளை மேசைமேல் வைத்தார். சுருண்ட ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.

"அவுரு கையெழுத்துதாங்க."

"ஒங்களுக்கு ஆபீஸ்லேருந்து ஒண்ணும் தெரியப்படுத்தலியா?"

"இல்லைங்க."

"நான் அப்ப சர்வீஸ்லயே இல்ல சார்" என்றார் உதவியாளர். யாரும் அவரை ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

வெளியே யாரோ சாதிச் சான்றிதழுக்கு வரிசை போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேம்பு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை. வெயிலில் வந்தவர் துடைத்துக்கொள்கிற மாதிரி துடைத்தார். பிறகு செல்வநாயகியைப் பார்த்து, "அந்த லேட்டு வேணாம்மா. வெறுமன எழுதிக்குங்க" என்றார்.

இடத்தை நகராட்சிக்குக் கொடுப்பதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொன்னார். அதோடு நிறுத்தியிருப்பார். செல்வநாயகிதான் விடவில்லை. தனக்கு வேறு வீடு இல்லை, குடியிருக்க மனை ஒதுக்கித் தர வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்து எழுதிப் படித்துக் காட்டினார். வேம்பு கையெழுத்துப் போட்டார். நேரம் என்ன என்று கேட்டார். பன்னிரண்டே முக்கால். "அப்ப நான் கம்பெனிக்குப் போறேங்க. மத்தியானத்துக்கு மேல வேல இருக்குது."

அன்று மத்தியானம் அவர் வழக்கம்போலக் கப் துடைத்தார் என்று நீலாவதி சொன்னார். ஒன்று கூட உடையவில்லை. போன காரியம் என்ன ஆச்சு என்று நீலாவதி கேட்டதற்கு, "அவுரு ராஜினாமா பண்ணிட்டாராம்" என்றாராம். நீலாவதிக்கு முதலில் புரியவில்லை.

மாலை ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டினார். மறுநாள் காலை திறந்தார். அடுத்த வாரம் எல்லை பார்க்கப் போனபோது அதைக் கவனித்து, "இன்னும் எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"சாவிய இன்னும் யாரும் வாங்கிக்கலியே சார்."

துர்காவுக்குத்தான் தாங்க முடியவில்லை. கேள்விப்பட்டதும் திட்டக்குடியிலிருந்து புருஷன் கார்முகிலோடு வந்துவிட்டாள். கார்முகில் அங்கே உரக்கடையில் வேலை பார்க்கிறவர், நிதானமான பிள்ளை.

"ஒம்பது வருஷமா அந்தத் தாளு அங்கயே கெடந்துருக்குது. ஒனக்குக் கோவம் வரலியாம்மா?" என்றாள் துர்கா.

"யாரு மேல?"

"அப்பா மேல. அந்த ஆபீஸ் மேல. யாரு மேலயாவது."

"வரலடி. வந்தா நல்லாத்தான் இருக்கும்."

துர்கா அப்பாவைத் தேடிப் போகலாம் என்றாள். தான் வரவில்லை என்றார் வேம்பு. கடைசியில் கார்முகில், ராஜாங்கத்தின் கல்யாண போட்டோவை எடுத்துக்கொண்டு தனியாகத் திருப்பூர் போனார். இரண்டு நாள் கழித்து நேராக டெப்போவுக்கு வந்தார். துர்கா அங்கேயே தங்கியிருந்தாள்.

"அந்த வூடு இருக்குது அத்த. வரிசை வூடு. அவுரு இல்ல. நாலு வருஷம் இருந்துட்டு ரெண்டாயிரத்தி ஒண்ணுல காலி பண்ணிட்டாராம். எங்க போறேன்னு சொல்லலியாம்."

"யாரு கூட இருந்தாராம்?" என்று கேட்டது துர்கா.

"யாரும் இல்லியாம். தனியாதான். ஒரு பனியன் கம்பெனில வாட்ச்மேனா இருந்துருக்காரு. வூட்டுக்கார அம்மாவுக்கு நல்லா ஞாபகம் இருக்குது. சத்தமே இருக்காது, தானே சோறாக்கிக்குவாரு, ஞாயித்துக்கெழமை வாசல்ல நாற்காலி போட்டு ஒக்காந்திருப்பாருன்னு சொன்னாங்க."

"பொண்டாட்டி புள்ள இருக்குதுன்னு சொன்னாரா?"

"கேட்டேன். நாங்களும் கேக்கல, அவுரும் சொல்லலன்னாங்க."

வேம்பு அரிசி களைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமல், "ஒடம்பு நல்லா இருந்துச்சாமா?" என்றார்.

"நல்லாதான் இருந்தாராம் அத்த."

"சரி. கைகால கழுவிட்டு வாங்க மாப்ள. சோறு ஆயிடும்."

துர்கா எழுந்து வெளியே போய் எடை மேடையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். வேம்பு அவளைக் கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. குழம்பு கொதித்ததும் போய், "வா, ஆறிடும்" என்று மட்டும் சொன்னார்.

திருப்பூர் சேதி அவரை என்ன செய்தது என்று நான் பல மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் அவராகச் சொன்னது. "யாராவது ஒருத்தி இருந்துருந்தா பரவால்ல சார். சரி, அதுக்காகப் போனாருன்னு ஆயிருக்கும். அங்கயும் போயி அதே வாட்ச்மேன் வேலதான் பாத்துருக்காரு. அதே மாதிரி நாற்காலிய போட்டுக்கிட்டு ஒக்காந்துருக்காரு. அத இங்கயே செஞ்சிருக்கலாம்." அதைச் சொல்லும்போது அவர் குரல் லேசாக மாறியதோ என்று நினைத்தேன். சொல்லிவிட்டு, நகராட்சியில் எத்தனை மணிக்குத் தண்ணீர் லாரி அனுப்புவார்கள் என்று கேட்டார்.

ஆணை டிசம்பரில் வந்தது. 2007 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், இடத்தை ஒப்படைக்க நாள் குறித்தார்கள். சர்வேயர் குருமூர்த்தி, செல்வநாயகி, கடலூர் உதவியாளர், நான், நகராட்சி ஓவர்சியர். புலப்படத்தின்படி அந்த இடத்துக்கு ஏழு எல்லைக் கல். குருமூர்த்தி ஒரு மணி நேரம் சங்கிலி பிடித்து அளந்தும் இரண்டு கல்தான் கிடைத்தன. மற்ற பக்கமெல்லாம் சீமைக் கருவை மண்டிக் கிடந்தது.

"கல்லு இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் குருமூர்த்தி.

வேம்பு குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கம்பெனிக்கு முழு நாள் லீவு சொல்லியிருந்தார். உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இங்க ஒண்ணு இருக்குதுங்க" என்று தண்டவாளப் பக்கத்துப் புதரை விலக்கிக் காட்டினார். அடுத்தது உடைந்த ஓடுகள் குவிந்த இடத்துக்கு அடியில். அடுத்தது களிமண் குவியலின் ஓரத்தில் மண்ணுக்குள் புதைந்திருந்தது. அவரே இரண்டு முழம் தோண்டிக் கல்லின் தலையைக் காட்டினார். மழை ஒவ்வொரு வருஷமும் குவியலைக் கரைத்து அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கல்லை மூடிவிட்டது என்றார். ஆறாவது ஒரு வேப்பங்கன்றின் வேருக்குள். ஏழாவது கல் இருந்த இடம் மட்டும் தெரிந்தது, கல் இல்லை.

"தொண்ணூத்தி ஒம்போதுல லாரிக்காரன் ஒருத்தன் ஏத்தி ஒடச்சிட்டான்ங்க. துண்டு உள்ள வச்சிருக்கேன்" என்றார்.

உண்மையாகவே வைத்திருந்தார். அறையின் மூலையில், தண்ணீர்க் குடத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தார். குருமூர்த்தி அதைப் பார்த்துவிட்டுப் படத்தில் குறித்துக்கொண்டார். பிறகு என் காதருகில், "நம்ம டிபார்ட்மெண்ட்டுல ஒரு ஆளு இப்பிடி இல்ல சார்" என்றார்.

ஒப்படைப்புப் படிவத்தில் இருந்ததையெல்லாம் எழுதினோம். கொட்டகை இரண்டு, எடை மேடை ஒன்று, குவார்ட்டர்ஸ் ஒன்று, பூட்டு சாவி ஒரு ஜோடி. மீதிக் களிமண்ணை எப்படி எழுதுவது என்று உதவியாளருக்குத் தெரியவில்லை. கடலூருக்கு போன் போட்டார். அங்கேயும் தெரியவில்லை. 'மதிப்பற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செல்வநாயகி சாட்சியாக வேம்புவிடம் கையெழுத்து வாங்கினார். சாவியை வேம்பு என் கையில் கொடுத்தார். நான் ஒரு சீட்டு எழுதி அதில் கட்டிக்கொண்டேன்.

அன்று மத்தியானமே சாமான்களை ஏற்றினார். ஒரு கட்டில், இரண்டு பெட்டி, பாத்திரங்கள். மூணு சக்கர வண்டியில் ஒரே நடை. நீலாவதி தெருவில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தார்கள். சாமான் போன பிறகு தெருப் பெண்கள் கூடையோடு வந்து களிமண்ணை அள்ளினார்கள். ஒரு கூடை, மூன்று கூடை, அவரவர் சௌகரியம். வேம்பு நீலாவதி வீட்டு வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலாவதி இவருக்கும் ஒரு கூடை எடுத்து வந்தார். "எனக்கு எதுக்கு" என்றார் வேம்பு.

அடுத்த மாதம் ஜேசிபி வந்து கொட்டகைகளையும் குவார்ட்டர்ஸையும் இடித்தது. கம்பெனிக்குப் போகிற வழி அதுதான். "பாத்தீங்களா?" என்று கேட்டேன். "பாத்தேன்" என்றார்.

தொட்டி கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. 2008 செப்டம்பரில் நான்கு தெருவுக்கும் குழாயில் தண்ணீர் வந்தது. முதல் நாள் பெண்கள் குழாயடியில் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள். வேம்பு தன் முறை வந்ததும் இரண்டு குடம் பிடித்துக்கொண்டு போனார். அந்த வார்டில் தண்ணீர் திறந்து மூட ஒரு ஆள் தேவைப்பட்டது. காலை ஒரு தரம், மாலை ஒரு தரம். கமிஷனரிடம் சொல்லி வேம்புவுக்கு வாங்கித் தரலாம் என்று நினைத்து அவரிடம் கேட்டேன்.

"வேணாம் சார்" என்றார் உடனே. அவர் எதற்கும் அவ்வளவு வேகமாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

செல்வநாயகி எழுதிய இரண்டு வரிக்கும் பலன் இருந்தது. ஊருக்கு வெளியே இரண்டு சென்ட் மனைக்குப் பட்டா வந்தது. அதிலும் 'வேம்பு, க/பெ ராஜாங்கம்' என்றே இருக்கிறது. வீடு எதுவும் இன்னும் கட்டவில்லை.

துர்காவுக்கு 2009-இல் பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு வேம்பு மாதம் ஒரு தரம் திட்டக்குடி போய் வர ஆரம்பித்தார். எனக்கு அந்த வருஷம் பண்ருட்டிக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முன்னால் சொல்லிக்கொள்ளப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். டீ போட்டுக் கொடுத்தார். பேத்தியைப் பற்றிக் கேட்டேன்.

"போன வாரம் போனேன் சார். பஸ்ஸுல தூங்கிட்டேன். திட்டக்குடில எறங்காம அந்தாண்ட இருக்குற மங்களூருக்குப் போயிட்டேன், நம்ம ஜில்லாவுல இருக்குற மங்களூரு."

"கண்டக்டர் எழுப்பலியா?"

"அங்க போயிதான் எழுப்புனாரு. எறங்கி நின்னேன். தெரியாத ஊரு. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆவும்னாங்க. ஒரு கடையில ரெண்டு வட வாங்கித் தின்னேன்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணும் இல்ல சார். நின்னுகிட்டிருந்தேன். பஸ்ஸு வந்துச்சி."

டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.